பழவேற்காடு: ஒரு றகரத்தின் சாட்சி

பொன்னேரிப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் "பயவேக்காடு, பயவேக்காடு" என்று கூவி ஆள் ஏற்றுகிறார். பேருந்தின் நெற்றியில் ‘பழவேற்காடு’ என்று எழுதியிருக்கிறது. ஊரில் இறங்கி நடந்தால் ஒரு கடைப் பலகை ‘பழவேர்க்காடு’ என்கிறது. ஏரிக்கரைப் பக்கம் போனால் ஆங்கில எழுத்தில் ‘புலிகாட்’. ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஊர் நான்கு பெயர்களில் என் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு நான் போனது பூநாரை பார்க்க. திரும்பி வந்தபோது மனத்தில் இருந்தது பூநாரை அல்ல. அந்த நான்கு பெயர்கள்தான்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரக் கோடியில் இருக்கும் சிற்றூர் அது. ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம், சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும் பரப்பு ஆந்திரத்துக்குள் கிடக்கிறது; கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு படுத்திருக்கிறது. விடுமுறை நாளில் வருகிறவர்கள் பறவை பார்க்கிறார்கள், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், மகிமை மாதா கோயிலுக்குப் போகிறார்கள், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைச் சுற்றுகிறார்கள், போகும்போது இறாலும் நண்டும் வாங்கிப் போகிறார்கள். பார்க்க வேண்டியவை என்று யார் பட்டியல் போட்டாலும் இவை எல்லாம் இருக்கும். ஊரின் பெயர் மட்டும் இருக்காது. அங்குள்ள பழஞ்சின்னங்களில் அதிகம் சிதையாமல் நிற்பது அந்தப் பெயர்தான் என்பது என் துணிபு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வேரா, வேலா?

ஊர்க்காரர்கள் சிலரிடம் பெயருக்குப் பொருள் கேட்டேன். "பழைய வேர்க்காடு சார், ஒரு காலத்தில் இங்கே எல்லாம் மரமும் வேருமாக இருந்ததாம்" என்றார் ஒரு பெரியவர். கேட்டதும் நானும் தலையாட்டிவிட்டேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பேற்றியது சாயவேர் என்னும் சிறு செடியின் வேர். கடலோர மணலில் விளைவது அது. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணிகள் அந்தச் சிவப்புக்குப் பெயர்போனவை. சாயவேர் தோண்டிய மண்ணுக்கு வேர்க்காடு என்று பெயர் வந்தது என்றால் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

அழகாகப் பொருந்துகிறது என்பதற்காகச் சொல்லாராய்ச்சியில் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. எழுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே எழுத்து மறுக்கிறது.

வேர் என்ற சொல்லோடு ககரத்தில் தொடங்கும் சொல் சேர்ந்தால் நடுவில் க் மிகும். நாம் கொறிக்கும் வேர்க்கடலையே அதற்குச் சான்று. அந்த வழியில் வேரும் காடும் சேர்ந்தால் ‘வேர்க்காடு’ என்றுதான் ஆகும். இடையின ரகரமும் அதன் பின் ஒரு ககர ஒற்றும் நிற்கும். ஊர்ப்பெயரில் இருப்பதோ ‘வேற்காடு’. வல்லின றகரம், ககர ஒற்று இல்லை. தமிழில் ஒரு சொல் லகர ஒற்றில் முடிந்து, அடுத்த சொல் ககரத்தில் தொடங்கினால், அந்த ல் திரிந்து ற் ஆகும். கல்லும் கண்டும் கற்கண்டு ஆவது இப்படி. பல்லும் பொடியும் பற்பொடி ஆவதும் இதே வழியில்தான். ஆகவே வேற்காட்டைப் பிரித்தால் கிடைப்பது வேல் + காடு. அந்த றகரத்துக்குள் ஒரு லகரம் ஒளிந்திருக்கிறது.

வேல் என்றதும் முருகன் கை வேல் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் வேல் என்பது ஒரு மரத்தின் பெயரும்கூட. ஆலோடு சேர்த்துப் பல்லுக்கு உறுதி என்று பழமொழி சொல்லும் வேல் அதுதான், வேல மரம். கருவேல், வெள்வேல் என்று அதில் வகைகள் உண்டு. முள்ளும் மஞ்சள் பூவுமாக, வறண்ட மண்ணிலும் உப்புக்காற்றிலும் தாக்குப்பிடிக்கும் மரம். வேற்காடு என்றால் வேல மரக் காடு.

மரங்களின் அக்கம்பக்கம்

ஈட்டிக் காடா, மரக் காடா என்பதை எழுத்து மட்டும் தீர்க்காது. இரண்டுக்கும் புணர்ச்சி ஒன்றுதான். அதைத் தீர்க்க அக்கம்பக்கத்து ஊர்களைக் கேட்க வேண்டும். ஓர் ஊரின் பெயர் தனியாகப் பிறப்பதில்லை. அதே வட்டாரத்தில், அதே மக்கள் வாயில், அதே வழக்கத்தில் பிறந்த உடன்பிறப்புகள் அதற்கு இருக்கும்.

தொண்டை மண்டலத்தைப் பாருங்கள். ஆல மரத்தால் திருவாலங்காடு. மா மரத்தால் மாங்காடு. பூந்தமல்லிக்குப் பக்கத்தில், சம்பந்தர் தேவாரம் பெற்ற திருவேற்காடு. அங்கே சிவன் கோயிலின் தலமரமே வெள்வேல மரம். பழவேற்காட்டுக்கு மிக அருகில் திருப்பாலைவனம். இங்கே பாலைவனம் என்பது மணற்காடு அல்ல, பாலை மரங்கள் நின்ற வனம். அந்தக் கோயிலின் தலமரம் பாலை. இப்படி மரத்தின் பெயரால் காட்டையும், காட்டின் பெயரால் ஊரையும் அழைப்பது இந்த மண்டலத்தின் கைவந்த வழக்கம். அந்த வரிசையில் வைத்தால் வேற்காடு வேல மரத்தோடு தானாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

இனி ‘பழ’. இது பழத்தைக் குறிக்கலாமா? புணர்ச்சிப்படி தடையில்லை, பழம் என்பதும் வகரத்துக்கு முன்னால் மகரம் கெட்டுப் ‘பழவகை’ என்றுதான் ஆகும். ஆனால் வேல மரம் தருவது நெற்று. பழத்துக்காக யாரும் அதைத் தேடிப் போனதில்லை. எனவே பழமொழி, பழவினை என்பவற்றில் உள்ள அதே ‘பழ’ இங்கும். பழைய என்று பொருள்.

எது பழையது? காடா, ஊரா? 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. மொழியறிஞர் சேஷகிரி சாஸ்திரி இதைப் ‘பழைய வேற்காடு’ என்று பிரித்து, தேவாரத்தில் வரும் வேற்காட்டை நினைவூட்டியதை அது பதிவுசெய்கிறது. பின்னர் வந்த பதிப்பு ‘பழைய வேலங்காடு’ என்ற விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. எனக்கு முன்னதே சரியென்று படுகிறது. ஓர் ஊரைப் பழையது என்று சொல்லத் தேவை வருவது, அதே பெயரில் இன்னொன்று இருக்கும்போதுதான். வீட்டில் இரண்டு கந்தசாமி இருந்தால்தானே ஒருவரைப் பெரிய கந்தசாமி என்போம்? வேற்காடு என்ற பெயர் இரண்டு இடத்துக்கு வழங்கியபோது, ஒன்று ‘திரு’ பெற்றது; இன்னொன்று ‘பழ’ பெற்றது என்று கொள்வதே பொருத்தம்.

கடலோடிகளின் நாக்கில்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் வந்தார்கள். துவார்த்தே பர்போசா 1516 வாக்கில் எழுதிய நூலில் இந்தத் துறைமுகம் ‘பலெயகாட்டே’ என்று வருகிறது. விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட, முஸ்லிம் வணிகர்களும் பிறரும் நிறைந்த செல்வத் துறைமுகமாக அவர் அதைக் காட்டுகிறார். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர் ‘பலியகாட்டா’ என்றார்கள். ஆங்கிலேயர் கையில் அது ‘புலிகாட்’ ஆனது.

இதை வெள்ளைக்காரன் சிதைத்தான் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. என் பேருந்து நடத்துநரின் வாயைக் கவனித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வடதமிழகப் பேச்சில் ழகரம் யகரமாக நெகிழும். வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். மெய் இரட்டித்து றகரம் விழும். வேற்காடு ‘வேக்காடு’ ஆகும். உயிர்களுக்கு நடுவில் நிற்கும் வகரம் நீர்த்து யகரத்தோடு இடம் மாறும். கோவில் ‘கோயில்’ ஆவதை நாம் எழுத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம். இப்படி நெகிழ்ந்த ழகரம் அயலான் காதில் லகரமாகப் பட்டிருந்தால், மற்ற இரண்டும் சேர்ந்து பழவேற்காடு என்பது கரையில் நின்ற மாலுமியின் காதில் ‘பலேயக்காடு’ என்று விழுவதற்கு எந்தத் தடையும் இல்லை. போர்த்துகீசியன் காதில் விழுந்ததைத்தான் எழுதினான். அவன் எழுதியது ஏட்டுத் தமிழை அல்ல, துறைமுகக் கூலியாளின் தமிழை என்பது என் கணிப்பு.

மேற்குக் கரையில் இதற்கு ஓர் இரட்டை இருக்கிறது. கோழிக்கோடு ‘காலிகட்’ ஆன கதையும் இதுதான். அங்கும் ழகரம் லகரமானது, டகரம் கடைசியில் வெறும் ட் ஆகி நின்றது.

புலிகாட் என்ற வடிவத்தில் புலியைத் தேடுகிறவர்களும் புளியைத் தேடுகிறவர்களும் உண்டு. இரண்டும் அங்கே இல்லை. அந்தப் ‘புலி’ என்பது பழ என்பதன் தேய்வு மட்டுமே.

கரிமணல்

பக்கத்தில் கரிமணல் என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. டச்சுக்காரர்கள் 1606இல் முதலில் கரையொதுங்கிய இடம் என்று சொல்லப்படும் ஊர். இந்தச் சின்ன ஊரின் பெயரிலிருந்துதான் ‘கோரமண்டல்’ என்ற பெயரே பிறந்தது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் நம்பினார்கள். கால்டுவெல்லும் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பில் அந்தக் கருத்தைச் சொன்னார். சென்னையில் இருந்த ஐரோப்பியர் அந்த ஊரைக் கோரமண்டல் என்றே எழுதியும் சொல்லியும் வந்ததுதான் மயக்கத்துக்குக் காரணம். இரண்டாம் பதிப்பில் கால்டுவெல் தம் கருத்தைக் கைவிட்டு, சோழமண்டலமே கோரமண்டல் ஆனது என்று ஏற்றுக்கொண்டார். அங்கே ழகரம் ரகரமாயிற்று, இங்கே லகரமாயிற்று. தமிழின் ஒரே எழுத்து, ஒரே கடற்கரையில், இரண்டு விதமாகத் திசைமாறிப் போயிருக்கிறது. ஒப்பிலக்கணத்தின் தந்தை எனப்படுபவரே தாம் அச்சிட்டதைத் திருத்திக்கொண்டார் என்பது சொல்லாராய்ச்சியில் இறங்கும் எல்லாருக்கும் பாடம். சாயவேரைக் கைவிட எனக்குத் துணிவு தந்ததும் அதுதான்.

ஒட்டாத பெயர்கள்

ஆள வந்தவர்கள் இந்த ஊருக்குப் புதுப் பெயர் சூட்டாமல் இல்லை. விஜயநகர ஆட்சிக் காலத்தில் ஆனந்தராயன்பட்டினம் என்றொரு பெயர் இருந்தது. ஏரிக்குத் தெலுங்கில் பிரளய காவேரி என்றொரு கம்பீரமான பெயர் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சந்திரகிரியில் இருந்து ஆண்ட வேங்கடபதி ராயரிடம் 1610இல் உடன்பாடு பெற்று இங்கே பண்டகசாலை போட்டது. 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் அதைத் தாக்கினார்கள். அதன் பிறகு, 1613இல், கோட்டை எழுந்தது. அங்கே தலைமையேற்ற வெம்மர் வான் பெர்க்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கோட்டைக்கு ‘கெல்ட்ரியா’ என்று பெயர் வைத்தார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைநகரம் இதுவே.

கெல்ட்ரியா இன்று எங்கே? கோட்டை மேட்டில் முட்புதர் மண்டிக் கிடக்கிறது. அந்தப் பெயர் ஊர்மக்கள் வாயில் இல்லை. அவர்கள் வாயில் இருப்பது ‘கோட்டைக்குப்பம்’; பெயர் போன பின்னும் கோட்டை இருந்த நினைவை அந்தக் குப்பம் சுமக்கிறது. புதர்களில் கணிசமாக நிற்பது சீமைக் கருவேலம். அமெரிக்க மண்ணிலிருந்து வந்த மரம். அதற்கு நம் மக்கள் பெயர் வைத்தபோது பழைய வேலைத்தான் துணைக்கு அழைத்தார்கள்.

கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசல் வளைவின் இரு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகள். குனிந்து பார்த்தால், எழுத்துகள் குழிவாக வெட்டப்படவில்லை. சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து எழுத்தைப் புடைப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே வாசிக்கலாம். அந்த மொழி தெரியாத கல்தச்சன் ஒருவன் ஒவ்வோர் எழுத்தையும் படம்போலப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பான் என்று எண்ணியபடி சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கோட்டையில் 1632 முதல் பத்தாண்டுகள் போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து அவர் எழுதிய நூல் 1651இல் லெய்டன் நகரில் அச்சேறியது. வடமொழிப் புலவர் பர்த்ருஹரியின் வாக்குகள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சானது அந்த நூலில்தான். இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பா ஆழமாகப் படித்த முதல் புத்தகங்களில் ஒன்று இந்த ஏரிக்கரையில் உருவானது.

இடுப்பில் ஏறிய ஊர்

டச்சுக்காரருக்கு வேண்டியது மிளகும் கிராம்பும் சாதிக்காயும். அவை விளைந்த தீவுகளில் மக்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலத்துத் துணி. துணி கொண்டு போனால்தான் வாசனைப் பொருள் கிடைக்கும். அதற்காகவே பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். உள்நாட்டு ஊர்களின் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி இங்கே மூட்டை கட்டிக் கப்பலேறியது. துணியோடு ஊர்ப்பெயரும் ஏறியது.

மலாய் மொழியில் ‘காயின் பெலெகாட்’ என்று கேட்டால், கட்டம் போட்ட கைலியை எடுத்துத் தருவார்கள். காயின் என்றால் துணி. பெலெகாட் என்பது நம் பழவேற்காடு. வீட்டில் ஓய்வாக இருக்கும்போதும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும்போதும் அங்கே ஆண்கள் உடுத்துவது அது. மலாயில் ஒட்டுதலைக் குறிக்கும் ‘லெகாட்’ என்ற அடியிலிருந்து, ஒட்டும் பொருள் என்ற பொருளில் இன்னொரு ‘பெலெகாட்’ உண்டு. உடலோடு ஒட்டும் துணி என்று யாராவது அதை இதற்கு விளக்கமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். வேர்க்காட்டு மயக்கம் போன்ற மயக்கமே அதுவும். துணியின் பெயர் துறைமுகத்தின் பெயர்.

மேற்கேயும் இது போனது. இந்த ஊரின் வண்ணக் கைக்குட்டைகளைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகள் அதேபோல் நெய்யத் தொடங்கின. அந்தத் துணிக்கு ‘புல்லிகேட்’ என்றே பெயர். காலிகட் ‘காலிகோ’வைத் தந்ததுபோல், பழவேற்காடு பெலெகாட்டையும் புல்லிகேட்டையும் தந்தது.

நம் ஊர்த் துணிக்கடைக்கு வருவோம். கைலி மடிப்பின் மேல் ஒட்டியிருக்கும் பளபளப்பான முத்திரைத் தாளில் ‘பளையகாட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இலங்கையிலும் கட்டம் போட்ட சாரத்துக்கு இந்தப் பெயர் உண்டு. நான் வாங்கிய கடையில் "இது என்ன பெயர்?" என்று கேட்டேன். "அது ரகத்தோட பேருங்க, வெளிநாட்டுப் பேரு" என்றார் கடைக்காரர். அவர் கடையிலிருந்து பழவேற்காட்டுக்கு இரண்டு மணி நேரப் பயணம். தமிழ்ச் சொல் ஒன்று கப்பலேறிப் போய், தீவுகளில் வாழ்ந்து, சொந்த மண்ணுக்கு அயலாராகத் திரும்பி வந்திருக்கிறது.

கத்ரெய்ன்

துணியோடு மட்டும் இந்தப் பெயர் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதே துறைமுகத்திலிருந்து மனிதர்களும் விற்கப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து ஆண்களையும் பெண்களையும் அடிமைகளாக ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்குக் கொண்டுபோயின. அடிமைக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தாரோ அந்த ஊரின் பெயரையே பின்னால் எழுதினார்கள்.

அப்படி ஏட்டில் நின்ற ஒருத்தி ‘பலியகாட்டாவின் கத்ரெய்ன்’. பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள். 1656இல் ஒருவனைக் கொன்றதாகத் தண்டனை பெற்றாள். மரண தண்டனை, நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் இருந்த நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே சலவைப் பெண்ணாக வேலை செய்தாள். அவள் மகன் கிறிஸ்தோஃபல் ஸ்நைமன். இன்றும் தென்னாப்பிரிக்காவில் வாழும் ஸ்நைமன் குடும்பத்தாரின் வழி அவனிடமிருந்து தொடங்குகிறது.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கத்ரெய்ன் என்பது பிறர் வைத்தது. அவளுடையது என்று அவளோடு எஞ்சிய ஒரே சொல் ஊர்ப்பெயர். வேல மரக் காட்டின் பெயரை ஒரு பெண் இரண்டு கடல்களுக்கு அப்பால் சுமந்து போயிருக்கிறாள். ஊர்ப்பெயர் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவளைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

ஓர் எழுத்தைக் காப்போம்

அரசர்கள் வைத்த பெயர் போய்விட்டது. கோட்டையோடு அதன் பெயரும் போய்விட்டது. 1825இல் டச்சுக்காரரும் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பெயர் தெரியாத குடிமக்கள் ஒரு மரத்தைப் பார்த்து வைத்த பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அதற்குச் சாட்சி ஒரே ஓர் எழுத்து: ற். அதை ர் ஆக்கிக் கூடவே ஒரு க் சேர்த்தால் மரம் போய்விடும். வெறும் வேர் மிஞ்சும்.

எனவே மூன்று வேண்டுகோள். பெயர்ப்பலகை எழுதுபவர்கள் பழவேற்காடு என்று றகரத்தோடு எழுதுங்கள். தமிழ்ச் செய்தியாளர்கள் ‘புலிகாட் ஏரி’ என்பதை விட்டுவிட்டுப் பழவேற்காடு ஏரி என்று எழுதுங்கள். பிள்ளைகளோடு பூநாரை பார்க்கப் போகிறவர்கள், பேருந்தின் நெற்றியில் இருக்கும் அந்தப் பெயரை ஒருமுறை அவர்களையே எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கற்கண்டில் கல் இருப்பதைப் போல வேற்காட்டில் வேல் இருக்கிறது என்று காட்டுங்கள். அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது அதுதான்.